கேதார்நாத் போகிறோம்: அப்பாவுக்கு வேட்டி மேல் ஸ்வெட்டர் போதுமா?

குத்தாலத்தான்:

வணக்கம். புரட்டாசிக் கடைசியில், குறுவை அறுத்து நெல் போட்ட காசு கைக்கு வந்ததும், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு கேதார்நாத் போகலாம் என்று இருக்கிறோம். பாடல் பெற்ற தலம், கால் நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. அவருக்கு 66, அம்மாவுக்கு 60, எனக்கு 34. மூன்று பேருமே இதுவரை பார்த்த பெரிய குளிர் என்றால் கொடைக்கானலில் ஒரு ராத்திரி, அதுவும் லாட்ஜுக்குள். மற்றபடி மார்கழிப் பனியில் சைக்கிளில் பால் வாங்கப் போவதுதான் எங்களுக்குத் தெரிந்த குளிர்.

சிக்கல் துணிமணியில்தான். ஊரில் ஒரு கடையில் கேட்டேன். இருப்பதிலேயே மொத்தமான ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு, ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேறு எதுவுமே தேவையில்லை என்கிறார். ஒன்று 3,000 ரூபாய்க்கு மேல். போட்டுப் பார்த்தேன், இரண்டே நிமிடத்தில் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது (கடையில் ஃபேன் ஓடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்). டெல்லியில் வேலை பார்க்கும் மச்சான், அப்படி ஒன்றாக வாங்காதே, லேயர் லேயராகப் போடணும் என்கிறான். எதற்கு மேல் எது என்று கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பாவோ வேட்டி, பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர், இதைத் தாண்டி ஒன்றும் வேண்டாம் என்கிறார். தாத்தா ஒரே ஒரு கம்பளியோடு காசிக்குப் போய்விட்டு வந்தாராம், அதற்கு மேல் பேச்சே இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் நடைபாதை தொடங்குகிற கௌரிகுண்டிலிருந்து மட்டக்குதிரையில் போவார். அம்மா நடந்தேதான் வருவேன் என்கிறார், நான் அவரோடு நடப்பேன். மூன்று பேருக்கும் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிக்கப் பார்க்கிறேன். எதை வாங்குவது, எதை விடுவது? திரும்பி வந்ததும் பீரோவில் கிடந்து பூச்சி அரிக்கப் போகிற துணிக்கு இவ்வளவா என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அரசலாறு:

தம்பி, அந்த ஜாக்கெட்டை வாங்காமல் திரும்பி வந்தீர்களே, அதுவே நல்லது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை நீங்கள் சொல்கிற அதே மாதிரி மொத்த ஜாக்கெட், உள்ளே காட்டன் பனியன், கீழே ஜீன்ஸ். காலை 5 மணிக்குக் கௌரிகுண்டில் கிளம்பும்போது ராஜா மாதிரிதான் இருந்தது. அரை மணி நேரம் ஏறினதும் உள்ளே குளித்தது போல வேர்வை. கழற்றினால் காற்று வெட்டுகிறது, போட்டால் வேர்க்கிறது, கழற்றிய ஜாக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க அது ஒரு குழந்தை கனம். லிஞ்சோலி பக்கம் மழை வேறு பிடித்துக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, ஜாக்கெட்டுக்குள் இருந்த பஞ்சு நனைந்து கட்டி கட்டியாகி, ஜீன்ஸ் இரும்பு மாதிரி விறைத்து, அன்று ராத்திரி சாமியைவிடக் காய்ந்த துணியைத்தான் அதிகம் நினைத்தேன். மறுநாள் காலையிலும் எதுவும் காயவில்லை.

நீங்கள் குத்தாலம், மாயூரம் துலாக்கட்டத்தில் ஐப்பசிக் கடைமுழுக்குக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டீர்கள். விடியற்காலையில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு படித்துறையில் நிற்கும்போது கொஞ்சம் காற்று அடித்தால் போதும், பல் தந்தியடிக்கும். அன்றைக்கு மாயூரத்தில் என்ன பெரிய குளிரா? 23, 24 டிகிரி இருக்கும். உடம்பைத் துவட்டி உலர்ந்த வேட்டி கட்டினதும் நடுக்கம் நின்றுவிடும். குளிர் அப்படியேதான் இருக்கிறது, ஈரம்தான் போனது. தண்ணீர், காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். மலையில் அந்த ஈரம் மழையாக மட்டும் வரவில்லை, நம் வேர்வையாகவே வருகிறது. 5 டிகிரிக் குளிரில் நனைந்த பனியனோடு நிற்பதை யோசித்துப் பாருங்கள்.

அதனால் முதல் துணி உடம்போடு ஒட்டினாற்போல, மெல்லிசாக, வேர்வையைத் தன்னிடம் தேக்காமல் வெளிப்பக்கம் தள்ளிவிடுவதாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் தெர்மல், காசு இருந்தால் மெரினோ என்கிற மெல்லிசான ஆட்டுக் கம்பளி. காட்டன் மட்டும் கூடாது. நம்மூர் வெயிலுக்குக் காட்டன் எதனால் அருமையோ அதனாலேயே அங்கே ஆகாது, ஈரத்தைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிர வைக்கும்.

அதற்கு மேலே வருவது ஃப்ளீஸ் (புசுபுசுவென்று இருக்கும் பாலியெஸ்டர் மேல்சட்டை) அல்லது ஸ்வெட்டர். விதைநெல்லை ஊற வைத்துச் சாக்கில் கட்டி வைக்கோல் போட்டு மூடுவோமே, பிரித்துக் கை வைத்தால் எப்படிச் சுடும்? வைக்கோலுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது, முளைக்கிற நெல் விடுகிற சூட்டைத் தன் இடுக்கில் இருக்கிற காற்றால் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். ஃப்ளீஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. மொத்தமாக ஒன்று வாங்குவதைவிட மெல்லிசாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், வேர்க்கிறபோது ஒன்றைக் கழற்றலாம்.

ஆனால் வைக்கோல் போர் மேல் தார்ப்பாய் இல்லாமல் மழையில் விட்டால் என்ன ஆகும்? அந்தத் தார்ப்பாய்தான் கடைசித் துணி, காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். சூடு தருவது அதன் வேலை இல்லை. காற்று என்ன செய்யும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது: 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்குப் பூஜ்ய டிகிரி போலத்தான் இருக்கும். ஃப்ளீஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று சல்லடை மாதிரி ஊடுருவிவிடும். பைக்கில் போட்டுக்கொள்ளும் ரப்பர் மழைக்கோட்டு மழையைத் தடுக்கும், கூடவே வேர்வையையும் உள்ளேயே அடைத்துவிடும். அதை மழை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது அக்குளில் ஜிப் வைத்தது கிடைத்தால் வாங்குங்கள்.

எவ்வளவு குளிர் என்று பயப்படுகிறவர்களுக்கு: 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கோயில் இருப்பது 3,583 மீட்டரில். நம்மூரைப் போலக் கடல்மட்டத்தில் இருக்கிற ஊரைவிட 23 டிகிரி அளவுக்கு அதிலேயே போய்விடுகிறது, அப்புறம் வடக்கு என்பதற்குத் தனியாகக் குறையும். அக்டோபர் நடுவில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்றே வைத்துத் தயாராகுங்கள்.

இன்னொன்று. கிளம்பும்போது லேசாகக் குளிரணும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். டீ குடிக்க உட்கார்ந்த உடனே, குளிர ஆரம்பிக்கும் முன்பே, ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்.

கடைமடை:

எல்லாம் சரி, உடம்புச் சூட்டில் பாதிக்கு மேல் தலை வழியாகத்தான் போகும், அதனால் முதலில் நல்ல குரங்குக் குல்லா வாங்குங்கள், மற்றதெல்லாம் தானே சரியாகும். ராத்திரி ஒரு மூடி பிராந்தி, மருந்து மாதிரி. யாத்திரை என்பதால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.

வெண்ணாறு:

கடைமடை அண்ணன் மன்னிக்கணும், இரண்டுமே தப்பு. நான் செவிலியராக இருக்கிறேன், அதனால் சும்மா விட மனசு வரவில்லை.

தலை என்பது உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான், போகிற சூடும் ஏறக்குறைய அந்த அளவுதான். மற்ற இடமெல்லாம் மூடியிருந்து தலை மட்டும் திறந்திருந்தால் அங்கேதான் போகும், அது வேறு விஷயம். காதும் கழுத்தும் மூடுகிற குல்லா கட்டாயம் வேண்டும், ஆனால் குல்லா வாங்கிவிட்டுப் பனியனோடு போகாதீர்கள்.

பிராந்தி குடித்தால் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக்குழாய் விரியும், அதனால் சூடாக இருக்கிற மாதிரி தெரியும். உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குளிரில் அதைவிட ஆபத்தான மருந்து இல்லை.

தம்பி, அப்பா அம்மாவிடம் நீங்கள் கவனிக்க வேண்டியது இது. நடுங்குகிறார்கள் என்றால் உடனே நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, சூடாக இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பட்டன் போட விரல் வரவில்லை, பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார்கள் என்றால் அது சாதாரணக் குளிர் இல்லை, உதவி தேடுங்கள். அப்புறம் தலைவலி, வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இதெல்லாம் உயரத்தால் வருவது. போர்வை மேல் போர்வை போட்டாலும் சரியாகாது, கீழே இறங்கினால்தான் சரியாகும். போகிற வழியில் குப்தகாசி மாதிரி ஓர் இடத்தில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஏறுங்கள். அப்பாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரை ஏதாவது ஓடுகிறதென்றால் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைமடை:

சரிம்மா, பிராந்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குல்லா மட்டும் இருக்கட்டும்.

திருப்பூரில் ஒரு திருவாரூர்க்காரன்:

இருபது வருஷமாகப் பனியன் கம்பெனிகளில்தான் பிழைப்பு, அதனால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தெர்மல் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே தைத்திருக்கிற லேபிளைப் பாருங்கள். நம் கடைகளில் தெர்மல் என்று விற்பதில் நிறைய பாதிக் காட்டன். ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ள அது போதும், மலை ஏற ஆகாது. சாதாரணக் காற்றில் சும்மா தொங்கவிட்டாலே காட்டன் தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. கம்பளி இன்னும் அதிகமாக, 15 சதவீதத்துக்கு மேலேகூட எடுக்கும், ஆனால் அந்த ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொள்வதால் தோலுக்கு நனைந்த மாதிரி தெரியாது, சூடும் அவ்வளவாகப் போகாது. அதனால்தான் ஆடு மேய்க்கிறவர்கள் மழையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள்.

கம்பளி ஸ்வெட்டர் என்று 400, 500 ரூபாய்க்குக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். மோசம் இல்லை, சீக்கிரம் காயும், ஆனால் கம்பளி விலை கொடுக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஊர் ஊராக வந்து கடை போடும் திபெத்தியர்களிடம் விசாரித்து வாங்கலாம், நீங்கள் கிளம்புகிற நேரத்துக்கு அவர்கள் வந்திருக்க மாட்டார்களே. டெகாத்லான் மாதிரி கடைகளில் ஃப்ளீஸ் நல்ல விலையில் கிடைக்கும், நான் மகனுக்கு எடுத்தது 700 ரூபாய். இறகு அடைத்த ஜாக்கெட் கையடக்கமாக மடங்கும், லேசு, சாயங்காலம் அறையில் போட்டுக்கொள்ள அதைப் போல ஒன்று இல்லை. நனைந்தால் மட்டும் சப்பையாகிவிடும், மழை வரக்கூடிய பாதையில் அதை நம்பி நடக்க வேண்டாம். செயற்கைப் பஞ்சு அடைத்தது கொஞ்சம் கனம், ஈரத்தைத் தாங்கும், விலையும் குறைவு.

பாலியெஸ்டர் ஒரே நாளில் நாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு செட் வேண்டும், ஒன்று நடக்க, இன்னொன்று ராத்திரிக்கு. ராத்திரி செட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்து, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் தொடாதீர்கள். துவைக்கும்போது வாசனைக்குப் போடும் கண்டிஷனர் வேண்டாம், துணி வேர்வையைக் கடத்துவது கெட்டுவிடும்.

பூச்சி அரிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பூச்சி கம்பளியைத்தான் தின்னும், பாலியெஸ்டரைச் சீண்டாது.

மேலவீதி:

எல்லோரும் நடக்கிறவர்களைப் பற்றியே சொல்கிறீர்கள். அவர் அப்பா குதிரையில் போகிறார்.

நாங்கள் தஞ்சாவூரிலிருந்து குடும்பமாகப் போனபோது இதே தப்பைச் செய்தோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வாங்கி, ஒரே மாதிரி உடுத்திக் கிளப்பினோம். நடந்த எங்களுக்கு வேர்த்துக் கொட்டியது, குதிரையில் உட்கார்ந்து வந்த மாமியார் மேலே வந்து இறங்கும்போது விரலை மடக்க முடியவில்லை, சேணத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடியே கை விறைத்திருந்தது. ஏறுகிற உடம்புதான் சூடு உண்டாக்கும். உட்கார்ந்திருக்கிற உடம்பு மணிக்கணக்காகக் காற்றில் சும்மா இருக்கிறது, கால் வேறு தொங்குகிறது. அப்பாவுக்கு உங்களைவிட ஒரு துணி கூடுதலாக, கிளம்பும்போதே போட்டு அனுப்புங்கள். கடைக்காரர் காட்டிய மொத்த ஜாக்கெட் யாருக்காவது சரி என்றால் அது அப்பாவுக்குத்தான், அதற்கு மேலே மழைக்கோட்டும் வேண்டும். கையுறை நல்லதாக, காற்று புகாததாக. குதிரை உங்களுக்கு முன்னால் போய்விடும், பையும் உங்களோடு பின்தங்கிவிடும், அதனால் அவருக்கு வேண்டிய மாற்றுத்துணி அவர் மடியிலேயே இருக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள், எங்களுக்கு நடந்தது அதுதான், மாமியாரின் சால்வை என் முதுகுப் பையில் இருந்தது.

அம்மா புடவைதான் கட்டுவாரா? என் மாமியார் சுடிதாருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பாதையில் மழைத்தண்ணீரும் குதிரைச் சாணியும் கலந்த சேறு, புடவைக் கரையும் உள்பாவாடையும் அதை முழங்கால் வரை உறிஞ்சிக்கொள்ளும். நடக்கிற அன்றைக்கு மட்டுமாவது சுடிதார், உள்ளே தெர்மல் பேன்ட் என்று பேசிப் பாருங்கள். ஊர்க்காரர் யாரும் பார்க்கப் போவதில்லை என்று நான் சொன்னேன், அங்கே போனால் கும்பகோணத்துக்காரர்கள் ஒரு பஸ் நிறைய நின்றார்கள். சுடிதார் இல்லவே இல்லையென்றால் சின்தெடிக் புடவை, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, உள்ளே பாவாடைக்குப் பதில் தெர்மல் பேன்ட்டும் ஒரு டிராக் பேன்ட்டும்.

சாக்ஸ் இரண்டு ஜோடி திணித்து ஷூவை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். மொத்தமான ஒரு ஜோடி, அதற்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் தளர்வான ஷூ. புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள், மூன்று வாரமாவது காவிரிக் கரையில் அம்மாவை நடக்க வையுங்கள். ஏறிப் பழக நம் பக்கம் மலை என்று இருப்பது சுவாமிமலையின் 60 படிதான், ஒரு நாள் திருச்சி போய் மலைக்கோட்டை ஏறிவிட்டு வாருங்கள்.

குத்தாலத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குதிரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நான் அம்மாவுக்குத்தான் அதிகம் வாங்க இருந்தேன்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். மூன்று பேருக்கும் பாலியெஸ்டர் தெர்மல் இரண்டிரண்டு செட், அதில் ராத்திரி செட் உள்ளூர்க் கடையில் மலிவாக. ஃப்ளீஸ் ஆளுக்கு ஒன்று, அம்மாவிடமும் என்னிடமும் பழைய ஸ்வெட்டர் இருக்கிறது, அது இரண்டாவது. பஞ்சு ஜாக்கெட் அப்பாவுக்கு மட்டும். காற்று, மழைக்கு எனக்கும் அம்மாவுக்கும் ஜிப் வைத்த மெல்லிய ஜாக்கெட், அப்பாவுக்குக் குதிரை மேல் கால் வரை மூடுகிற மாதிரி பெரிய மழைக்கோட்டு. குல்லா, கையுறை, சாக்ஸ். கூட்டிப் பார்த்தால் 12,000-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, பரவாயில்லை, நடவாளுக்குக் கொடுக்கிற நேரத்தில் இதுவும் ஒரு செலவு.

அம்மா சுடிதாருக்குச் சரி என்றுவிட்டார், தங்கையுடையதைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நின்றார். அப்பாதான் மசியவில்லை. சாமி கும்பிட வேட்டி இல்லாமல் போவதா என்கிறார். பேன்ட்டே போட்டதில்லை, கல்யாணத்துக்குக்கூட.

அரசலாறு:

வேட்டியை விடச் சொல்லாதீர்கள், விட மாட்டார். தெர்மல் பேன்ட், அதற்கு மேல் டிராக் பேன்ட், இரண்டும் போட்டுக் குதிரையில் ஏற்றுங்கள். வேட்டியைக் கவரில் வைத்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். மேலே இறங்கி அறைக்குப் போய், டிராக் பேன்ட்டுக்கு மேலேயே வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம், வெளியே வேட்டிதான் தெரியும். குதிரையில் மட்டும் வேட்டி வேண்டாம், சேணத்தில் மாட்டிக்கொள்ளும், காற்றில் பறந்து குதிரையும் மிரளும்.

பேன்ட் பழக்கமில்லாதவர் என்றால் ரயிலிலேயே பழக்கிவிடுங்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு ராத்திரி ஏசி பெட்டியில் போவீர்கள்தானே, அந்தக் குளிருக்கு அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். இடுப்பில் நாடா வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், எலாஸ்டிக் மட்டும் இருந்தால் வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு எப்போது நழுவுமோ என்றே இருக்கும்.